ஏறும்போதா, இறங்கும்போதா? மூட்டு, முதுகெலும்பு ஒப்பரேஷனைச் சுற்றி வரும் வலியைப் பிரித்தறிவது

மலையகத்து எலும்பு கிளினிக்குகளில் காலையிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருக்கிற சொல் "இடுப்பு". முதல் சறுக்கலும் அந்தச் சொல்லிலேயே நடந்துவிடுகிறது. முதுகின் அடிப்பாகமும் நம் ஆட்களுக்கு இடுப்புதான். தொடையெலும்பின் பந்து போய்ப் பொருந்துகிற மூட்டும் இடுப்புதான். "இடுப்பு வலி" என்று துண்டில் எழுதி, முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்து, ஐம்பது தாண்டிய எவருக்கும் தெரியக்கூடிய தேய்மானத்தை அதில் பார்த்துவிட்டு, ஒரு வருடம் முதுகுக்கு மருந்து கொடுப்பார்கள். கடைசியில் தேய்ந்திருந்தது தொடை மூட்டு என்று தெரியவரும். நாங்கள் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

"எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டு நிறுத்தக்கூடாது. "கைய வச்சுக் காட்டுங்கம்மா" என்று கேட்க வேண்டும். உள்ளங்கை பின்னால் போய் முதுகின் அடியில் படிந்தால் முதுகெலும்பைச் சந்தேகிக்கலாம். கட்டைவிரல் பின்னாலும் மற்ற விரல்கள் முன்னாலும் இருக்க, கையைப் பிறைபோல வளைத்துப் பக்கவாட்டைப் பிடித்தாலோ, விரலைக் கவட்டில் ஊன்றினாலோ தொடை மூட்டு. பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து, தொடையையும் முழங்காலையும் 90 பாகைக்கு மடக்கி, பாதத்தை மெதுவாக வெளிப்பக்கம் தள்ளிப் பாருங்கள். அப்படித் தள்ளும்போது தொடை உட்பக்கம் திரும்பும். மற்றக் காலைவிடக் குறைவாகத் திரும்பி, கவட்டில் சுருக்கென்று பிடித்தால் முதல் எக்ஸ்ரே அந்த மூட்டுக்கே போக வேண்டும்.

முழங்கால் மட்டும்தான் வலிக்கிறது என்று சொல்பவருக்கும் இதைச் செய்து பார்ப்பது அவசியம். தொடை மூட்டுக்குக் கிளை கொடுக்கிற நரம்பொன்று முழங்காலுக்கும் கிளை அனுப்புவதால் மேலே உள்ள நோய் கீழே வலியாகத் தெரியும். முழங்கால் படத்தில் தேய்மானம் கொஞ்சம், வலியோ மலையளவு என்றால், முழங்காலை மாற்றுவதற்கு முன் மேல் மூட்டையும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். நல்ல முழங்காலை மாற்றிவிட்டு, "ஒப்பரேஷன் சரிவரல்ல" என்று சொல்வதைவிடப் பெரிய சிக்கல் இந்தத் துறையில் இல்லை.

அடுத்த கேள்விக்கு மலைப்பாதையே உதவுகிறது. வலி ஏறும்போதா, இறங்கும்போதா? முதுகெலும்புக்குள் நரம்பு ஓடுகிற கால்வாய் ஒடுங்கியிருப்பவர், கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு முன்குனிந்து மலை ஏறிவிடுவார். குனியும்போது அந்தக் கால்வாய் சற்று அகலும். நிமிர்ந்து, முதுகைப் பின்னுக்குச் சாய்த்து, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு இறங்கும்போதுதான் அவருக்குக் கால் இரண்டும் கனத்து, விறைத்து, "விட்டுப்போகும்". சும்மா நின்றால் ஆறாது. குந்தினாலோ கல்லில் உட்கார்ந்தாலோ ஆறும். இரத்தக்குழாய் அடைப்பால் கால் வலிப்பவர் இதற்கு நேர்மாறு. ஏற்றத்தில் கெண்டைக்கால் இறுகும், நின்ற இடத்திலேயே இரண்டு மூன்று நிமிடம் நின்றால் போய்விடும். அவருக்குப் பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுவுக்குப் பின்னாலும் நாடி பிடித்துப் பார்த்தால் மெலிந்திருக்கும், அல்லது கிடைக்கவே கிடைக்காது. நீரிழிவோ புகைப்பழக்கமோ இருந்தால் இதைத் தொட்டுப் பார்க்காமல் முதுகு ஒப்பரேஷனுக்குப் பெயர் எழுதக்கூடாது. முழங்கால் சில்லுக்குப் பின்னால் தேய்ந்தவருக்கும் இறக்கத்தில் வலிக்கும். ஆனால் அந்த வலி முழங்காலின் முன்பக்கத்தில் நிற்கும், படி இறங்கும் அந்தக் கணத்திலேயே குத்தும், விறைப்பு இருக்காது.

இத்தனையும் கேட்டு முடிக்க ஐந்து நிமிடம் போதும். எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாமல் எடுத்த எம்.ஆர்.ஐ., வலியே இல்லாதவரின் முதுகிலும், முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கிற வட்டுகள் பிதுங்கியிருப்பதைக் காட்டும். அதை நம்பிக் கத்தி வைத்தால் வலி அப்படியே இருக்கும், தழும்பு புதிதாகச் சேரும்.

பொருத்திய முழங்காலில் எது இயல்பு, எது இல்லை

முழங்கால் மாற்றியவர்களுக்கு வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லிவிட வேண்டிய சில விஷயங்கள் உண்டு. சொல்லாவிட்டால் பயந்து வருவார்கள், அல்லது உண்மையாகவே பயப்பட வேண்டியபோது வரமாட்டார்கள். தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு விறைப்பு இருப்பது இயல்பு. தோலுக்குப் போகிற சிறு நரம்பு வெட்டுப்படுவதால் வருவது அது. மடக்கும்போது 'டிக்' என்று சத்தம் கேட்பதும் இயல்பு. மற்ற முழங்காலைவிடச் சூடாகவும் பருமனாகவும் மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம் வரை இருக்கும்.

போகப்போகக் குறையவேண்டிய வலி குறையாமல் நிற்பதும், ஒருமுறை குறைந்த வலி திரும்பி ஏறுவதும் இயல்பல்ல. இரவில் படுக்கையிலும் விடாத வலி கிருமியைச் சுட்டும். உட்கார்ந்து எழுந்து வைக்கிற முதல் சில அடிகளில் மட்டும் வலித்து, நடக்க நடக்கக் குறைவது பெரும்பாலும் பொருத்திய பாகம் எலும்பில் தளர்ந்துவிட்டதன் அடையாளம். தொடை மூட்டு மாற்றியவருக்கு இந்த வலி நடுத்தொடையில் தெரியும்.

கிருமி விஷயத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். ஆறாவது வாரம் கிளினிக்குக்கு வருகிற ஒரு முழங்கால். தழும்பு முழுவதும் ஒட்டியிருக்கிறது, கீழ்முனையில் மட்டும் பருப்பளவு ஈரம். தினமும் காலையில் கோஸ் துணியில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு மஞ்சள் கறை. காய்ச்சல் இல்லை. பையைத் திறந்தால் கிளினிக் கொப்பிக்குள் மூன்று வகை அன்டிபயோட்டிக் அட்டைகள், மூன்றும் பாதி பாதியாகக் கிழிந்தவை. ஒன்று தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்தது, ஒன்று டவுன் பாமசியில் கேட்டு வாங்கியது, மற்றது பக்கத்து வீட்டுக் காம்பராவில் மிச்சமிருந்தது. "மாத்திரை குடிச்சா காயுது, நிப்பாட்டினா கசியுது" என்கிறார். நோயை அவரே சொல்லிவிட்டார். ஆனால் இப்போது மூட்டில் ஊசி வைத்து நீர் எடுத்தால், கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சரில் எதுவும் வளராமல் போக வாய்ப்பு அதிகம். இரத்தத்தில் சுற்றுகிற மருந்து, ஆய்வுக்கூடத் தட்டில் கிருமியை வளரவிடாது. உலோகத்தின் மேல் பசைபோன்ற படலம் கட்டி அதற்குள் இருக்கிற கிருமியையோ அந்த மாத்திரை கொல்லாது. கிருமியின் பெயர் தெரியாமல் போய்விடும், கிருமியோ அங்கேயே இருக்கும்.

ஆகவே இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியுமென்றால் அது இதுவாக இருக்கட்டும்: செயற்கை மூட்டில் சந்தேகம் என்றால், மூட்டு நீரை எடுத்த பிறகே அன்டிபயோட்டிக். நோயாளி குளிர்நடுக்கத்தோடு, இரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்குப் போராடும் நிலையில் வந்தால் மட்டும் அது வேறு கதை. அப்போது காத்திருக்கக்கூடாது. மற்ற எல்லோருக்கும், ஏற்கெனவே தொடங்கியிருந்தால்கூட, ஒப்பரேஷன் செய்த குழுவின் கண்காணிப்பில் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு நீர் எடுப்பதே வழக்கம்.

காயத்தின் மேலிருந்து பஞ்சுக்குச்சியால் துடைத்து அனுப்பும் 'சுவாப்' பயனில்லை. தோலில் வாழ்கிற கிருமிகள் அதில் வளரும், நாம் தவறான கிருமிக்கு மருந்து கொடுப்போம். தோலைச் சுத்தப்படுத்தி, கசிகிற இடத்தை விட்டு விலகி, நல்ல தோல் வழியாக ஊசியை மூட்டுக்குள் செலுத்தி எடுக்கிற நீரே வேண்டும். அதில் ஒரு பகுதி கலங்களை (செல்களை) எண்ணுவதற்கு ஊதா மூடிக் குழாயில், மற்றது இரத்தக் கல்ச்சர் போத்தலில். கல்ச்சர் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக்கூடாது. கலங்கள் நேரம் போகப்போக உடைவதால் எண்ணிக்கை பொய்யாகக் குறையும். வளைவு வளைவாக மூன்று மணித்தியாலம் பஸ்ஸில் போய்ச் சேர்கிற குழாயை நம்புவதைவிட, ஆய்வுக்கூடம் இருக்கிற வைத்தியசாலைக்கு நோயாளியை அனுப்பி அங்கே எடுப்பது மேல்.

ஒப்பரேஷன் முடிந்து பல மாதங்களான மூட்டில் ஒரு மைக்ரோ லீட்டருக்கு 3,000 வெள்ளைக் கலங்களுக்கு மேல், அதில் 80 வீதத்துக்கு மேல் நியூட்ரோபில் என்ற வகை என்றால் தொற்றாகவே எடுத்துக்கொள்வோம். முதல் ஆறு வாரத்தில் ஒப்பரேஷனாலேயே கலங்கள் கூடியிருக்கும் என்பதால் அந்த எல்லை 10,000. மெதுவாக வளரும் கிருமிகளுக்காகக் கல்ச்சரை 14 நாள் வைத்திருக்கும்படி எழுதி அனுப்ப வேண்டும். எழுதாவிட்டால் சில நாட்களிலேயே "வளர்ச்சி இல்லை" என்று திரும்பி வந்துவிடும். அதே நீரில் யூரிக் அமிலப் படிகங்களையும் தேடச் சொல்லுங்கள். அந்தப் படிகங்களால் வருகிற கவுட் என்ற மூட்டு நோய் பொருத்திய மூட்டிலும் வரும், அசல் தொற்றைப்போலவே சிவந்து வீங்கும்.

இரத்தப் பரிசோதனையில் ஒரு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டுகிற சி.ஆர்.பி. ஒப்பரேஷனுக்குப் பின் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சிக்குப் போய், பெரும்பாலும் மூன்று வாரம் அளவில் இயல்புக்கு இறங்கிவிடும். அழற்சியைக் காட்டுகிற மற்ற எண்ணான ஈ.எஸ்.ஆர். இறங்க மாதங்கள் எடுக்கும், அதை வைத்துக் கலங்க வேண்டாம். நாம் தேடுவது இறங்கிய சி.ஆர்.பி. மறுபடி ஏறுகிறதா என்பதை. அதற்கு முந்தைய எண் தேவை. வீட்டுக்கு அனுப்பும் நாளில் சி.ஆர்.பி.யைத் துண்டில் எழுதிக் கொடுக்கிற வார்டுகளுக்கு நாங்கள் மனதாரக் கடமைப்பட்டிருக்கிறோம்.

காலமும் முக்கியம். தொற்று ஒப்பரேஷன் நடந்து ஏறத்தாழ நான்கு வாரத்துக்குள் பிடிபட்டால், மூட்டைத் திறந்து கழுவி, கெட்ட சதையை அகற்றி, நடுவில் உள்ள பிளாஸ்டிக் துண்டை மட்டும் மாற்றி, உலோகத்தைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அதைக் கடந்துவிட்டால் படலம் முற்றிவிடும். பிறகு முழு மூட்டையும் கழற்றி, அன்டிபயோட்டிக் கலந்த சிமெந்து வைத்து, வாரக்கணக்கில் மருந்து ஏற்றி, இரண்டாவது ஒப்பரேஷனில் புது மூட்டு பொருத்த வேண்டிவரும். முதல் வாரம் தாண்டியும் காயம் கசிகிறது என்றால் "இன்னும் ஒரு கட்டு போட்டுப் பார்ப்போம்" என்று நாளைக் கடத்தாமல், ஒப்பரேஷன் செய்த குழுவிடம் அந்த வாரமே காட்டுங்கள்.

முழங்கால் இறுகிப்போவது இதைவிட எளிதாகத் தடுக்கக்கூடியது. வலிக்கு இதமென்று முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுப்பதால், கால் மடங்கியபடியே நின்றுவிடும். தலையணை குதிகாலுக்குக் கீழே போகட்டும். ஆறு வாரத்தில் 90 பாகை மடங்காவிட்டால் உடனே சொல்ல வேண்டும். மயக்கம் கொடுத்து மடக்கி விடுவது முதல் 12 வாரத்துக்குள் செய்தால்தான் பலன் தரும்.

கெண்டைக்காலும் அளவுநாடாவும்

ஒப்பரேஷன் செய்த கால் வீங்குவது சகஜம், இரத்தம் உறைந்த காலும் வீங்கும். இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. தையல்காரரின் அளவுநாடாவை எடுத்து, முழங்கால் சில்லுக்குக் கீழே துருத்தி நிற்கும் எலும்பு முனையிலிருந்து 10 சென்ரிமீற்றர் கீழே இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளந்து கொப்பியில் எழுதி வையுங்கள். வித்தியாசம் 3 சென்ரிமீற்றரைத் தாண்டினாலும், அமுக்கினால் கெண்டையின் ஆழத்தில் வலித்தாலும் காலின் இரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டொப்ளர் ஸ்கேன் வேண்டும். இரத்த உறைவைத் தேடுகிற டி-டைமர் பரிசோதனையின் எண் ஒப்பரேஷனுக்குப் பின் எப்படியும் உயர்ந்தே இருக்கும் என்பதால் இங்கே உதவாது.

வீங்கிய கெண்டைக்கு எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பது நம் வீடுகளில் பாசத்தோடு செய்கிற காரியம். இந்த ஒரு இடத்தில் அது வேண்டவே வேண்டாம். உறைந்த கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போகலாம். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்து, படபடவென்ற நாடி என்றால் உடனே அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழையுங்கள். தோட்டத்து லொறி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

மாற்றிய தொடை மூட்டு நழுவுவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில். குந்து கழிப்பறை, அடுப்படியில் போடுகிற குட்டை மணை, ஓட்டோவின் தாழ்ந்த இருக்கை, எல்லாமே தொடையை 90 பாகைக்கு மேல் மடக்கிவிடும். உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிடக் கீழே இருக்க வேண்டும், அதற்கு 45 முதல் 50 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும். பிளாஸ்டிக் கதிரையில் ஓட்டை வெட்டிக் குழிக்கு மேல் வைக்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் ஈரத் தரையில் கால்கள் வழுக்கும். நான்கு கால்களிலும் பழைய டியூப் ரப்பரைக் கட்டிவிடுங்கள். நழுவிவிட்டால் அந்தக் கணத்திலேயே கடும் வலி வரும், கால் குட்டையாகி உட்பக்கம் திரும்பி நிற்கும். இழுத்துப் பார்க்காமல், இருந்தபடியே பலகையில் வைத்துக் கொண்டுவாருங்கள்.

முதுகில் மணிக்கணக்கு

மூட்டில் நாட்களும் வாரங்களும் எண்ணுகிறோம். முதுகெலும்பு ஒப்பரேஷன் முடிந்த முதல் நாளில் எண்ண வேண்டியது மணித்தியாலங்களை. உள்ளே இரத்தம் கசிந்து கட்டியாகி நரம்பை அமுக்கினால், காயத்தின் வலி தாங்கமுடியாமல் கூடும், கால் பலம் குறைந்துகொண்டே போகும். காலையில் பாதத்தை நன்றாகத் தூக்கியவர் பகலில் பாதிதான் தூக்குகிறார் என்றால் அதுவே ஆபத்து மணி. அவசர எம்.ஆர்.ஐ., அவசரமாகத் திறந்து கட்டியை எடுத்தல், இரண்டும் சில மணித்தியாலங்களுக்குள் நடந்தால்தான் பலம் திரும்பும். வார்டில் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதத்தையும் பெருவிரலையும் தூக்கச் சொல்லி, பலத்தை 0 முதல் 5 வரை எண்ணாக, நோயாளியின் பதிவுத் தாளான டிக்கெட்டில் எழுதுவது இதற்காகத்தான். "கால் அசைகிறது" என்று எழுதினால் அடுத்த ஷிப்டில் வருபவருக்கு ஒன்றும் விளங்காது.

சிறுநீர்க் குழாய் போட்டிருப்பவரிடம் ஒரு பெரிய அடையாளம் மறைந்துவிடும். சிறுநீர் அடைபடுவது தெரியாது. அப்படிப்பட்டவரிடம் ஆசனவாயைச் சுற்றித் தொடும் உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டே ஆகவேண்டும். பெண்கள் இதைத் தாமாகச் சொல்லமாட்டார்கள். "ஒண்ணுக்குப் போயிட்டுக் கழுவுறப்ப, தண்ணி படுறது தெரியுதாம்மா?" என்று தாதி தனியே கேட்டால் பதில் வரும். குழாயை எடுத்தபின், சிறுநீர் கழித்து முடித்தும் சிறுநீர்ப்பையில் 200 மில்லிலீட்டருக்கு மேல் தேங்கினால் உடனே தெரிவிக்க வேண்டும். ஒப்பரேஷனே செய்யாமல், வட்டு பிதுங்கி வருகிறவருக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும். இரண்டு காலிலும் வலி, கவட்டில் விறைப்பு, சிறுநீர்ச் சிக்கல் மூன்றும் சேர்ந்தால் அடுத்த கிளினிக் நாளுக்குத் திகதி போடக்கூடாது. நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 77 கிலோமீற்றர். அன்றே அனுப்ப வேண்டும்.

தலைவலி எழுந்து உட்கார்ந்தால் வந்து படுத்தால் போகிறது, முதுகுக் கட்டு தெளிந்த நீரால் நனைந்திருக்கிறது என்றால், தண்டுவடத்தைச் சுற்றிய உறை கிழிந்து நீர் கசிகிறது. கட்டை மாற்றிவிட்டு அனுப்பக்கூடாது. மூளைக்காய்ச்சல் வரக்கூடும்.

வாரங்கள் கழித்து வருகிற சிக்கலைத்தான் அதிகம் தவறவிடுகிறோம். வட்டு ஒப்பரேஷன் செய்து கால் வலி போய் நிம்மதியாக இருந்தவருக்கு, இரண்டு முதல் ஆறு வாரத்தில் முதுகில் மட்டும் கொடிய வலி. கட்டிலை யாராவது தட்டினால்கூடத் துடிப்பார். தையல் அழகாக ஆறியிருக்கும், காய்ச்சல் இருக்காது, எக்ஸ்ரே முதல் சில வாரம் சுத்தமாக இருக்கும். அதனால் "பயம்தான்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். சி.ஆர்.பி. ஏறியிருக்கும், எம்.ஆர்.ஐ.யில் வட்டிலும் இருபுற எலும்பிலும் தொற்று தெரியும். அங்கேயும் விதி அதுவேதான்: ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் சிறு துண்டு எடுத்த பிறகே மருந்து, மருந்து குறைந்தது ஆறு வாரம்.

ஒப்பரேஷன் எதுவும் செய்யாதவரின் முதுகு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வலித்து, உடல் மெலிந்து, இரவில் வியர்த்தால் எலும்புக் காசநோயை மறக்காதீர்கள். பெர்சிவல் பொட் 1779 இலேயே விவரித்த நோய் அது, இன்றும் வார்டுக்கு வருகிறது. சாதாரணக் கிருமி வட்டைச் சீக்கிரம் தின்றுவிடும், காசநோய் ஆரம்பத்தில் வட்டை விட்டுவைத்து எலும்பைத் தின்னும். எடுத்த துண்டைக் காசநோய்ப் பரிசோதனைக்கும் அனுப்பும்படி முன்கூட்டியே எழுதாவிட்டால், முழுவதையும் கிருமியைக் கொன்றுவிடுகிற ஃபோமலினில் போட்டுவிடுவார்கள், பிறகு கல்ச்சர் செய்ய முடியாது.

பாதம் தொங்கிப்போனால், முதுகு ஒப்பரேஷன் செய்தவரானாலும் முழங்கால் மாற்றியவரானாலும், ஒரு சோதனை வழிகாட்டும். பாதத்தை உட்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். பலமாகத் திருப்பினால் கோளாறு பெரும்பாலும் முழங்காலின் வெளிப்பக்கம் ஓடுகிற நரம்பில். கட்டைத் தளர்த்தி, முழங்காலை 20 முதல் 30 பாகை மடக்கிவைப்பது அங்கே முதலுதவி. உட்பக்கம் திருப்பவும் பலமில்லை, ஒருக்களித்துப் படுத்துக் காலை மேலே தூக்கவும் முடியவில்லை என்றால் முதுகின் அடிப்பாகத்திலிருந்து வருகிற எல்5 நரம்பைப் பாருங்கள்.

கத்திக்கு முன்பும், பையில் என்ன என்பதும்

மூட்டு மாற்றத் திகதி கிடைத்தவர்கள் அதற்கு முந்தைய மாதம் காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் மலையில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்களின் ஒப்பரேஷன் தள்ளிப்போகும். தள்ளிப்போடுவதுதான் சரி. பித்தவெடிப்பு, விரலிடுக்குச் சேற்றுப்புண், சொத்தைப் பல் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. நீரிழிவு இருந்தால், இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிற எச்.பி.ஏ.1.சி. 8க்குக் கீழே வரட்டும். தோட்டத்துப் பெண்களிடம் இரத்தசோகை அதிகம். ஹீமோகுளோபினை ஒப்பரேஷன் வாரத்தில் பார்த்துப் பயனில்லை, இரும்புச்சத்து மாத்திரை வேலை செய்ய ஒன்றிரண்டு மாதம் வேண்டும்.

ஒவ்வொரு கிளினிக்குக்கும் எல்லா எக்ஸ்ரேயையும் கொண்டுவாருங்கள், புதியதை மட்டும் அல்ல. தளர்வைக் கண்டுபிடிப்பது பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து, எலும்புக்கும் சிமெந்துக்கும் இடையே உள்ள கறுப்புக் கோடு அகன்றிருக்கிறதா என்று பார்த்துத்தான். அன்டிபயோட்டிக் குடித்திருந்தால் பெயரையும் தொடங்கிய, நிறுத்திய திகதிகளையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். வெறும் அட்டையைக்கூட எறிய வேண்டாம். பொருத்திய பாகத்தின் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களில் கம்பனி, அளவு, தொகுதி எண் இருக்கும். அதில் ஒன்றைக் கொப்பியில் ஒட்டித் தரும்படி வீட்டுக்குப் போகும் நாளில் தாதி மிஸ்ஸிடம் கேட்டு வாங்குங்கள். பத்து வருடம் கழித்துப் பிளாஸ்டிக் துண்டை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலை வந்தால், பொருந்துகிற துண்டை வரவழைக்க அந்தச் சின்னக் கடதாசியில் உள்ள எண் வேண்டும். கொப்பி மழையில் நனையாமலிருக்க அதை ஒரு பொலித்தீன் உறைக்குள் போட்டு வையுங்கள்.